நான்காவது இருக்கையில் சாந்தாமணி

மோகனசுந்தரம் வாங்கிய காரில் ஏழு இருக்கைகள் இருந்தன. அவற்றில் மூன்றில்தான் உட்காரலாம்.

மற்ற நான்கும் அதே தோல், அதே மெத்தை, அதே தையல்தான். தொடலாம், துடைக்கலாம், வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்படலாம். உட்கார்ந்தால் மட்டும் வண்டி நகராது. மாதச் சந்தா கட்டாத இருக்கையில் யாராவது அமர்ந்துவிட்டால், 'சக்ரவர்த்தி' என்ற அந்தக் கார் பழைய வானொலி அறிவிப்பாளரின் குரலில், "இவ்விருக்கை தங்கள் சந்தாவில் இடம்பெறவில்லை" என்று சொல்லிவிட்டு, அமர்ந்தவர் எழுந்திருக்கும் வரை காத்திருக்கும். அதற்குப் பொறுமை அதிகம். அந்தக் காரில் சந்தா கட்டாமலே கிடைத்த ஒரே வசதி அதுதான்.

காரை விற்பதைவிட, விற்ற காருக்குள் இருப்பதை மாதாமாதம் விற்பது லாபம் என்று மகாரதா கம்பெனி கண்டுபிடித்துப் பல வருஷமாகியிருந்தது. ஏசிக்குச் சந்தா. ஹாரனுக்குச் சந்தா, அதிலும் சாதா, சத்தம், மகா சத்தம் என்று ரகங்கள். டிக்கி திறக்கச் சந்தா. முன்னால் போகிற வண்டியை முந்துவதற்குத் தனிச் சந்தா. கூரைக் கண்ணாடி அடிப்படைத் திட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும். இருக்கையைச் சூடாக்கும் வசதி ஒன்றும் இருந்தது. கோயம்புத்தூரில் அதை யார் வாங்குவார்கள் என்று கேட்கக் கூடாது. மோகனசுந்தரம் வாங்கினார். சித்திரை மாதம் முழுக்க வேர்த்து வழிய அதன்மேல் உட்கார்ந்து போய் வந்தார். சிங்காநல்லூரில் வேறு யாரிடமும் அது இல்லை.

அவர் 'ஸ்ரீ மோகனா வெட் கிரைண்டர்ஸ்' உரிமையாளர். கிரைண்டர் உற்பத்தியாளர் சங்கத்தின் முன்னாள் இணைச் செயலாளர். விசிட்டிங் கார்டில் 'முன்னாள்' என்ற வார்த்தையை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

காரின் மூக்கில் ஒரு கிரீடம் உண்டு. சந்தா கட்டினால் பொன்னிறத்தில் ஒளிரும். கட்டாவிட்டால் சாம்பல் நிறத்தில், ஒழுகுகிற குழாய்க்கு அடியில் வைத்த தகரக் குவளை மாதிரி இருக்கும். எதிரே வருகிறவன் நம் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கிரீடத்தைப் பார்த்து, நம்மைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவான். கார் வந்த புதிதில் அறிமுகச் சலுகையாக எல்லாமே இலவசம். அப்போது மோகனசுந்தரத்தின் அக்கா சாந்தாமணி, டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து மருதமலைக்கும் பேரூருக்கும் போய்வந்தாள். சலுகை முடிந்ததும் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கார் கேட்டது. காரை ஓட்டுகிறவர் அவரே என்பதால் டிரைவர் இருக்கையைத் தனக்கு வைத்துக்கொண்டார். மனைவி லோகநாயகிக்கு ஒன்று, மகன் தரணீஷுக்கு ஒன்று. சில்லறைச் சந்தாக்கள் போக இன்னும் ஒன்றுக்குத்தான் வசதிப்பட்டது. அக்காவின் இருக்கைக்கும் கிரீடத்துக்கும் ஏறக்குறைய ஒரே சந்தா.

"அக்கா எங்கெ போறாங்க? ஊட்லதான இருக்கறாங்க" என்றார் லோகநாயகியிடம், திரையில் கிரீடத்தைத் தட்டியபடி. லோகநாயகி தலையாட்டினாள். அவளுடைய இருக்கை பத்திரமாக இருந்தது.

சாந்தாமணியின் கணவர் இறந்து பல வருஷமாகிறது. நல்ல காரியங்களுக்குக் கிளம்பும்போது அவளை விட்டுவிட்டுப் போவதற்கு முன்பெல்லாம் மோகனசுந்தரம் ரொம்பச் சிரமப்பட வேண்டியிருந்தது. செருப்பைத் தேடுகிற மாதிரி கீழே பார்த்துக்கொண்டு, "நீ ஊட்டப் பாத்துக்கோக்கா" என்று முனக வேண்டும். ஏன் என்று அவளும் கேட்க மாட்டாள், இவரும் சொல்ல மாட்டார், ஆனாலும் அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமல் தப்பிக்க வேண்டும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. "சீட்டு இல்லக்கா" என்றால் போதும். நிமிர்ந்து, முகத்தைப் பார்த்தே சொல்லலாம். விஞ்ஞானம் மனிதனின் சிரமத்தைக் குறைக்கத்தானே வந்திருக்கிறது.

தரணீஷுக்குப் பெண் பார்க்கப் போகும் நாள் வந்தது. சூலூர் தாண்டி ஒரு தென்னந்தோப்பு வீடு. பெண் மிருதுளா, மாட்டு டாக்டர். தரணீஷ் பேசிய முதல் வார்த்தையே 'அத்தை'தான். அம்மாவும் அப்பாவும் கம்பெனியே கதியென்று கிடந்த காலத்தில் அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது சாந்தாமணிதான். பெண்ணின் போட்டோவைக் காட்டியபோது அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "போட்டாவுல எல்லாரும் லட்சணந்தான் கண்ணு. நான் நேர்ல ஒருக்காப் பாக்கறமுட்டும் செரின்னு சொல்லிப்போடாதே" என்றாள்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும். பட்டு வேட்டி, பட்டுச் சேலை, பூத்தட்டு எல்லாம் தயார். லோகநாயகி ஒரு காலைக் காருக்குள் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, மூணு பேராவா போறது?"

நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பக் கூடாது. போயே ஆக வேண்டுமென்றால் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு, அதை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டு போவது வழக்கம்.

"அத்தையக் கூட்டிட்டுப் போனா நாலுப்பா" என்றான் தரணீஷ்.

"சீட்டு இல்லடா."

"போன்ல ஒரு தட்டு தட்டுனா சீட்டு வந்துரும்."

"நல்ல நாளும் அதுவுமா…" என்று ஆரம்பித்த மோகனசுந்தரத்தின் கண், போர்டிகோவுக்குப் பக்கவாட்டில் கறிவேப்பிலைச் செடியருகே நின்றிருந்த அக்காவின் மீது பட்டது. காருக்கு எதிரே வந்துவிடக் கூடாதென்று அவள் அங்கே நின்றிருந்தாள். "நல்ல நாளும் அதுவுமா போனைத் தட்டக் கூடாது" என்று முடித்தார்.

தெருவில் கூழாங்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மோகனசுந்தரம் எதையும் சிறிதாகச் செய்து பழக்கமில்லாதவர். "கூழாங்கல்லை மடியில கட்டிட்டுப் போறதுக்கு நான் என்ன தாயக்கட்டம் ஆடவா போறேன்? கிரைண்டர் ஓனர்றா!" என்று உள்ளே போனார். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், ஓட்டல்களுக்கென்று அவர் தயாரிக்கும் 'ராட்சசன்' மாடலின் குழவிக்கல் பளபளவென்று காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அப்பாவும் மகனும் முக்கி முனகி அதைத் தூக்கிவந்தார்கள். லோகநாயகி அதற்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தாள். டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரம் இருத்தி, பிரேக் போட்டால் உருளாதபடி பெல்ட்டும் மாட்டினார்கள்.

"வணக்கம்" என்றது கார். "நான்காவது இருக்கையில் ஒரு பயணி அமர்ந்துள்ளார். இவ்விருக்கை தங்கள் சந்தாவில் இடம்பெறவில்லை."

"அது ஆளில்ல. கல்லு."

"சக பயணியைக் கல் என்று அழைப்பது எமது கண்ணியக் கொள்கைக்கு எதிரானது."

"அட, நெசமாலுமே கல்லுப்பா!"

"எடை உள்ளது. பெல்ட் அணிந்துள்ளார். நெற்றியில் பொட்டு காணப்படுகிறது" என்று தன் தரப்பை வைத்தது கார்.

"கீழ வெச்சர்லாம், இல்லாட்டி டிக்கி…" என்றார் மோகனசுந்தரம், டிக்கிக்குச் சந்தா கட்டவில்லை என்பதை மறந்து.

"என்னங்க பேசறீங்க?" என்றாள் லோகநாயகி. "ஆளுன்னு கணக்குல சேத்துனா ஆளாட்டந்தானுங்க உக்கார வெக்கோணும். டிக்கியில போட்டா அது பொணமுங்க."

ராகு காலத்துக்கு நிமிஷங்கள்தான் பாக்கி. மோகனசுந்தரம் திரையில் வந்த கேள்விகளுக்கெல்லாம் படிக்காமல் 'சம்மதம்' தட்ட ஆரம்பித்தார். சம்மதம், சம்மதம், சம்மதம். கடைசியில் கார் கேட்டது:

"பயணியின் பெயர்?"

"பேரா? குழவிக்கு என்னடா பேரு?"

"தங்கள் குடும்பப் பதிவில் இருக்கை இல்லாத ஒரே ஒரு பெயர் உள்ளது. திருமதி சாந்தாமணி. வயது அறுபத்தாறு. அமர்ந்திருப்பவர் அவரா?"

மோகனசுந்தரம் கடிகாரத்தைப் பார்த்தார். கறிவேப்பிலைச் செடிப் பக்கம் பார்க்கவில்லை.

"ஆமா" என்றார்.

"அப்பா!" என்றான் தரணீஷ்.

"நன்றி. 'முதுமை போற்றுவோம்' திட்டத்தின் கீழ் மூத்த பயணிக்குக் கட்டணச் சலுகையும் முழு நேரப் பாதுகாப்பும் உண்டு. வருக, சாந்தாமணி அவர்களே."

சலுகை என்ற சொல்லைக் கேட்டதும் மோகனசுந்தரத்தின் முகம் மலர்ந்தது. கார் நகர்ந்தது. பக்கவாட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"பாத்து ஓட்டு மோகனு! சாந்தாமணிக்கு வளைவுல தல சுத்தும்!"

திருச்சி ரோட்டில் அவர்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது. முந்துவதற்குச் சந்தா இல்லாததால், அது நின்ற நிறுத்தத்தில் எல்லாம் சக்ரவர்த்தியும் நின்றது.

"சாந்தாமணி அவர்களே, குளிர்ச்சி போதுமா?" என்று இடையில் விசாரித்தது கார். சற்றுப் பொறுத்து, "சாந்தாமணி அவர்கள் பதில் அளிக்கவில்லை. மீண்டும் முயலட்டுமா?"

"வேண்டாம்" என்றார் மோகனசுந்தரம்.

"பதில் இல்லாததால் கூடுதல் குளிர்ச்சி வழங்கப்படுகிறது. அதற்கான கட்டணம் கணக்கில் சேர்க்கப்படும்."

லோகநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தரணீஷ் சிரிக்கவில்லை.

பெண்ணின் அப்பா தெய்வசிகாமணி தோப்பு வாசலுக்கே வந்து வரவேற்றார். வேப்பமர நிழலில் அவருடைய பழைய ஜீப் நின்றது. எந்தச் சந்தாவும் கேட்காத காலத்து வண்டி. நிழலை அது எடுத்துக்கொண்டதால் சக்ரவர்த்தியை வெயிலில் நிறுத்த வேண்டியதாயிற்று. மோகனசுந்தரத்துக்கு அதில் வருத்தமில்லை. கூடத்திலிருந்து பார்த்தால் கிரீடம் நேராகத் தெரிந்தது.

பஜ்ஜி வந்தது, காபி வந்தது. மிருதுளா வந்து எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளும் தரணீஷும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முயல, நடுவில் மோகனசுந்தரத்தின் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம கார்ல பாருங்க, நாம ஒண்ணுமே பண்ண வேண்டியதில்லீங்க. எல்லாம் அதுவே பாத்துக்கும். பெத்த புள்ள கூட அப்பிடிக் கவனிக்காதுங்க…"

அப்போதுதான் கார் கவனிக்க ஆரம்பித்தது.

மகா சத்த ஹாரன் அலறியது. அதற்கு அவர் சந்தா கட்டவில்லை. ஆபத்துக் காலத்தில் கம்பெனி இலவசமாக வழங்குகிறது. தென்னை மரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின.

"அபாயம்! பூட்டிய வாகனத்துக்குள், வெயிலில், மூத்த குடிமகள் ஒருவர் தனித்து விடப்பட்டுள்ளார். பெயர் சாந்தாமணி. வயது அறுபத்தாறு. அசைவு இல்லை. மூச்சு தென்படவில்லை. அருகிலுள்ளோர் உடனே உதவவும்!"

"அய்யோ, கெழவிய உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டு வந்து பஜ்ஜி திங்கறானே!" என்று தோப்பில் ஒரு பெண் கத்தினாள். தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் பாரையோடு ஓடிவந்தார்கள். மிருதுளா உள்ளே ஓடி, மாடுகளுக்குப் பார்க்கும் மருத்துவப் பையோடு வெளியே பாய்ந்தாள்.

மோகனசுந்தரம் பின்னாலேயே ஓடினார். "ஒண்ணுமில்லீங்க! கண்ணாடிய ஒடைச்சுப்போடாதீங்க! அது கல்லுங்க!"

"கூடப் பொறந்தவளோ பெத்தவளோ, ஒரு வயசான பொம்பளையக் கல்லுங்கறாம் பாரு!" என்றான் ஒருவன். பாரை இறங்கியது. கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

உள்ளே, குளிர்ந்த காற்றில், பெல்ட் மாட்டி, சந்தனமும் பொட்டுமாகக் குழவிக்கல் உட்கார்ந்திருந்தது.

பொட்டைப் பார்த்த ஒரு கிழவர் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டுவைத்தார். மிருதுளா ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தாள்.

"எருமை கன்னு போடறதுக்குக் கூட நான் இத்தன வேகமா ஓடுனதில்லீங்க" என்றாள்.

லோகநாயகி தலைகுனிந்தபடி மூன்று பேர் விஷயத்தைச் சொன்னாள். தெய்வசிகாமணி பொறுமையாகத் தலையாட்டினார். "கல்லு எடுத்துட்டு வர்றது எங்கூர்லயும் இருக்கற வழக்கந்தானுங்க. ஆனா நாங்க கல்லுக்குப் பேரு வெக்கறதில்லீங்க."

"சாந்தாமணிங்கறது யாரு?" என்றாள் மிருதுளா.

"எங்கக்காளுங்க" என்றார் மோகனசுந்தரம். தரையில் செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

"அவிய எங்கீங்க?"

மோகனசுந்தரம் வாயைத் திறப்பதற்குள் தரணீஷ் சொல்லிவிட்டான். "வீட்டுல. என்னை வளத்ததே அவங்கதான். சீட்டு இல்லைன்னு விட்டுட்டு வந்தோம்."

"கல்லுக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு. அத்தை பேர்ல."

அவள் கண்ணாடித் தூளை மிதிக்காமல் காரைச் சுற்றி வந்து, முன்னால் ஒளிர்ந்துகொண்டிருந்த கிரீடத்தைப் பார்த்தாள். "இது எதுக்கு?"

"சும்மா எரியும்" என்றான் தரணீஷ். "அதுக்கும் அத்தை சீட்டுக்கும் ஒரே சந்தா."

மிருதுளா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மிருதுளாவைப் பார்த்தார். அந்த வீட்டில் முடிவுகள் அப்படித்தான் எடுக்கப்படும் போலிருக்கிறது.

"அந்தம்மா வந்து என்னயப் பாக்கட்டும். அதுக்கப்பறம் பேசலாம்" என்றாள்.

"அதுதானுங்க மொறை" என்றார் தெய்வசிகாமணி. "வாங்க, பஜ்ஜி ஆறுது."

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் ஒரு கண்ணாடியோடு போயிருக்கும். ஆனால் மகாரதா கம்பெனியில் முதியோர் நலப் பிரிவு என்று ஒன்று இருந்தது. மூத்த பயணியை வெயிலில் விட்டுச் சென்ற குற்றத்துக்காக, மறு அறிவிப்பு வரும் வரை சாந்தாமணி உடன் இல்லாமல் சக்ரவர்த்தி வீட்டை விட்டு நகராது என்று அது உத்தரவு போட்டது. இறங்கும் இடத்தில் அவரையும் இறக்கிக் கூட்டிச் செல்ல வேண்டும். மோகனசுந்தரம் உதவி எண்ணை அழைத்தார்.

"அது கல்லுங்கம்மா" என்றார் எடுத்த எடுப்பில்.

"புரியுது சார். அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்றது ஒரு பெண் குரல்.

"அம்மா இல்லீங்க, அக்கா. அக்காளும் இல்லீங்க, கல்லு!"

"சார், குடும்பத்துக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுக்காகக் கூடப்பிறந்தவங்களை இப்படிப் பேசலாமா? சாந்தாமணி மேடம் எங்க சிறந்த பயணிகள்ல ஒருத்தர் சார். ஒரு புகார் கிடையாது. ஒரு தடவைகூடக் கதவை ஓங்கிச் சாத்தினதில்ல."

"அந்த சீட்டை ரத்து பண்ணிருங்க. அத்தோட போவட்டும்."

"ரத்து பண்ண அவங்கதான் பேசணும் சார். போனை அவங்ககிட்ட கொடுங்க."

அக்காவிடம் போய்ப் போனை நீட்ட மோகனசுந்தரத்துக்கு முகமில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் குழவிக்கல்லைத் தூக்கி ஏற்றினார். தன் கிரைண்டர் கம்பெனியில் இறக்கினார். மாலையில் ஏற்றி, வீட்டில் இறக்கினார். இடுப்பு விட்டுப்போயிற்று. வீட்டில் இறக்கும்போதெல்லாம் அக்கா வாசலில் நின்று, "வாம்மா சாந்தாமணி, வெயில்ல வந்திருக்கறே, மோர் குடிக்கறயா?" என்று விசாரித்தாள். சங்கக் கூட்டத்துக்கும் கல்லோடுதான் போக வேண்டியிருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு வைத்தார்கள். "அக்காளுக்குச் சக்கரை போட்ட காபியா, போடாததா?" என்று கேட்டார் நடப்பு இணைச் செயலாளர். மாதக் கடைசியில் மகாரதா கம்பெனியிலிருந்து 'மிக அமைதியான பயணி' என்று சாந்தாமணி பெயருக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. தரணீஷ் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான்.

வேறு வழியில்லை. மோகனசுந்தரம் அக்காவின் அறை வாசலில் போய் நின்றார்.

"அக்கா, சூலூருக்கு நீயும் வரோணும்."

"சீட்டு?"

"உன்ற பேர்லதான் இருக்குதுக்கா."

"அது நம்ம குழவியோட சீட்டல்லொ? நான் போய் உக்காந்தா அது கோவிச்சுக்காது?"

"அக்கா…"

"செரி செரி, மூஞ்சிய அப்பிடி வெச்சுக்காதே. பொண்ணு கூப்புட்டிருக்கறா. அவளுக்காக வாரேன்."

அடுத்த நல்ல நாளில் சாந்தாமணி மாம்பழ நிறப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அந்தச் சேலை அவளிடம் இருப்பது மோகனசுந்தரத்துக்கே தெரியாது. இந்த முறை அவள் கறிவேப்பிலைச் செடிப் பக்கம் ஒதுங்கவில்லை. காருக்கு நேர் எதிரே நடந்துவந்தாள். புதுக் கண்ணாடி போட்ட ஜன்னலோரத்தில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டினாள். சாயாமல், சரியாமல் உட்கார்ந்தாள்.

"நான்காவது இருக்கையில் அடையாளம் தெரியாத நபர் அமர்ந்துள்ளார்" என்றது கார்.

"அவங்கதான் சாந்தாமணி!" என்றார் மோகனசுந்தரம்.

"எடை பொருந்தவில்லை. சந்தாவில் பதிவான முகம் பொருந்தவில்லை."

"அட கிறுக்குப் பய காரே, நாந்தான்டா சாந்தாமணி" என்றாள் அக்கா.

"பேச்சு கண்டறியப்பட்டது" என்றது கார். அதன் குரலில் முதல்முறையாக ஒரு கண்டிப்பு இருந்தது. "சாந்தாமணி அவர்களை எமக்கு நன்கு தெரியும். அவர் பேசமாட்டார்."

"வேற ஒரு சீட்டு வாங்கிக்கறேன். அஞ்சாவது சீட்டு!" என்று மோகனசுந்தரம் கத்தினார். "கிரீடத்தை வேணா எடுத்துக்கோ!"

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததைக் கேட்டு லோகநாயகி திரும்பிப் பார்த்தாள்.

"ஒரே நபருக்கு இரு இருக்கைகள் வழங்க இயலாது. ஆள்மாறாட்ட முயற்சி பதிவு செய்யப்பட்டுள்ளது. உண்மையான சாந்தாமணி அவர்கள் வரும்வரை வாகனம் காத்திருக்கும்."

சாந்தாமணி சேலையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கி, வாசற்படியில் உட்கார்ந்திருந்த குழவிக்கல்லின் தலையில் லேசாகத் தட்டினாள்.

"போம்மா. நீயே போ. பேசறவளா இருந்தா அவியளுக்கு ஆவாது."

"அக்கா, டாக்ஸி கூப்படறேன், இரு."

"டாக்சிக்காரன் மட்டும் நீ யாருன்னு கேக்காமயா ஏத்துவான்? இப்பொ டாக்சியும் மூஞ்சியப் பாத்துத்தான கதவத் தொறக்குது. நான் பஸ்ஸுல போய்க்கறேன். பஸ்ஸுல உக்கார்றதுக்கு எடம் இருந்தாப் போதும். ஆரு எவருன்னு எவனும் கேக்கறதில்ல."

அவள் தெருமுனை நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். தரணீஷ் காரிலிருந்து குதித்தான். "இரு அத்தை, நானும் வாரேன்!"

"வா. எனக்கு ஓசி, உனக்கு மட்டும் டிக்கெட்டு எடுக்கோணும். காசு வெச்சிருக்கறயா?"

மோகனசுந்தரம் தன்னந்தனியாகக் குழவிக்கல்லைத் தூக்கி ஏற்றினார். பெல்ட் மாட்டினார். கார் மகிழ்ந்தது. "வருக, சாந்தாமணி அவர்களே. தங்களைக் காணாமல் கவலையுற்றோம்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் லோகநாயகி, "ஏனுங்க" என்றாள்.

"என்ன?"

"நாம மூணு பேருங்க."

"ரெண்டு பேருடி."

"கல்லோட மூணுங்க."

"கல்லு ஆளில்லடி!"

"அன்னிக்கு ஆளுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

மோகனசுந்தரம் யோசித்தார். யோசித்து யோசித்துக் கடைசியில், "உள்ள சின்ன மாடல் கல்லு ஒண்ணு இருக்குது. எடுத்துட்டு வரட்டுமா?" என்றார்.

லோகநாயகி அவரைப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. மடியிலிருந்த பூத்தட்டை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கினாள்.

"நீங்களும் உங்கக்காளும் வாங்க" என்றாள் ஜன்னல் வழியாக. "நான் அண்ணிகூடப் போறேன்."

பட்டுச் சேலை தடுக்கத் தடுக்க அவள் ஓடினாள். பஸ் அப்போதுதான் வந்து நின்றது. கைநீட்டி அவளை மேலே இழுத்துவிட்டது சாந்தாமணிதான்.

"அண்ணி, இப்ப நாமளும் மூணு பேருதானுங்க" என்றாள் லோகநாயகி மூச்சு வாங்க.

"பஸ் நெறைய ஆளு நிக்குது. உன்னயும் என்னயும் எண்ணறதுக்கு இங்கெ ஆருக்கு நேரம்? தள்ளி உக்காரு."

பஸ் கிளம்பியது. பின்னாலேயே சக்ரவர்த்தியும் கிளம்பியது, கிரீடம் ஒளிர. முந்துவதற்குச் சந்தா இல்லை. ஒண்டிப்புதூரில் பஸ் நின்றது, காரும் நின்றது. கீரைக்கட்டோடு ஒரு பெண் ஏறினாள், கூடையோடு இன்னொருத்தி ஏறினாள். எல்லோருக்கும் எப்படியோ இடம் இருந்தது. பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக மாம்பழ நிறச் சேலை தெரிந்தது. சாந்தாமணி கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருக்க, மகனும் மனைவியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன சொல்லியிருப்பாள் என்று மோகனசுந்தரத்தால் ஊகிக்க முடிந்தது.

காருக்குள் சத்தமே இல்லை. ஹாரனை அழுத்தினார். சாதா ஹாரன் கொசு மாதிரி முனகியது. பஸ்ஸில் யாரும் திரும்பவில்லை.

அடுத்த நிறுத்தத்திலும் நின்றார். அதற்கடுத்த நிறுத்தத்திலும் நின்றார். தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் காரின் பின்னிருக்கை தெரிந்தது. ஜன்னலோரம், சந்தனம் காய்ந்து, அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

"அக்கா" என்றார் மோகனசுந்தரம், பஸ்ஸைப் பார்த்தபடி, தனக்கே கேட்காத குரலில். "தப்புப் பண்ணிப்போட்டேன்க்கா."

கார் அதைக் கேட்டது. மரியாதையாகச் சற்று நேரம் காத்திருந்தது.

"சாந்தாமணி அவர்கள் பதில் அளிக்கவில்லை" என்றது. "மீண்டும் முயலட்டுமா?"